குளம் போலத் தெரிந்த கூரை

உம்லாசி, டர்பன்
11 அக்டோபர் 1998

மாசோண்டிக்கு,

நலமா என்று கேட்டு எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் எட்ஷேனி பஸ் டிரைவர் சனிக்கிழமை இங்கே வந்திருந்தான். எங்கள் ஜெபக்குழுப் பெண்கள் எல்லோரும் சுற்றி இருக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்கிறான்: "என்னக்கா, உங்க வீட்டுக் கூரை அடிப்பிடிச்ச சட்டியாட்டம் கெடக்கு? புதுத் தகரத்தை வித்துத் தின்னுட்டாங்களா?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துருவித் துருவிக் கேட்டதில்தான் சொன்னான். நீ தகரம் முழுக்கச் சாணியும் கரியும் கரைத்துப் பூசி, மேலே பழைய லாரி டயர்களைத் தூக்கிப் போட்டிருக்கிறாயாம்.

அந்தத் தகரம் எப்படி வந்தது என்று மறந்துவிட்டாயா? சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துத் தைத்து என் தோள்பட்டை போனதில் வந்தது. அப்பாவின் வீடு புல்கூரையாகவே மக்கிப் போகக் கூடாது, மெயின் ரோட்டில் பஸ் திரும்பும்போதே "அதோ எங்கள் வீடு" என்று கைநீட்டிக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்தேன். நீ அதற்கு மாட்டுச் சாணியால் அபிஷேகம் செய்து வைத்திருக்கிறாய். கேட்டாயா என்னை? ஒரு வார்த்தை?

டிசம்பர் பதினாறாம் தேதி தம்பிக்குக் கல்லறைக் கல் திறக்கிறோம். இங்கிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் கூரையைக் கழுவி வை.

உன் புருஷனின் அக்கா,
கோம்பிசிலே


எட்ஷேனி
20 அக்டோபர் 1998

கோம்பிசிலே அக்காவுக்கு,

வணக்கம். நானும் மகள் சிசாகேலேயும் நலம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

பஸ் டிரைவர் கூரையைப் பற்றிச் சொன்னான், வானத்தைப் பற்றிச் சொன்னானா? ஜூலையில் மூடுபனி வந்து உட்கார்ந்தது. ஜூலையில், அக்கா! உதடு வெடிக்கிற குளிர்கால வறட்சி மாதத்தில் மாடுகளைக் கை நீட்டித் தடவித் தேடினோம். ஆகஸ்டில் கோடைபோல் காய்ந்தது. பீச் மரமெல்லாம் ஏமாந்து பூத்தது. பூத்ததன்மேல் பனி கொட்டி எல்லாம் கருகிவிட்டது. இப்போது ஆலங்கட்டி. சாயங்காலம் பெய்து பார்த்திருக்கிறோம், காலையில் கஞ்சி குடிக்கும்போது பெய்து பார்த்திருக்கிறீர்களா? ஆலங்கட்டி விழுந்த மறுநாள் வயலில் இறங்கக் கூடாது என்கிற நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அது விடாமல் விழுகிறது, நாங்கள் விடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஊரில் பாதிப்பேர் இன்னும் மக்காச்சோளம் விதைக்கவில்லை.

குழாயடியில் வேறு பேச்சே கிடையாது. மலைக்குக் கீழே அருவிக் குளத்தில் இருப்பது நிலைகொள்ளாமல் தவிக்கிறது, துணை தேடிக் கிளம்பப் போகிறது என்கிறார்கள். நம் கீழ்வீட்டு மாசித்தோலே அதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறாள். "பொண்டாட்டி தேடித்தானே அது போவுது? எம் புருஷனும் ஜொஹன்னஸ்பர்க்ல பத்து வருஷமா அதைத்தான் பண்றான். அவன் என்ன கூரையவா பிக்கிறான்?" சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்து முடித்ததும் எல்லோரும் திரும்பி மேட்டில் அப்போது மின்னிக்கொண்டிருந்த நம் கூரையைப் பார்த்தார்கள்.

அது புயலைக் கிளப்பிக்கொண்டு மேகத்துக்குள் ஏறிப் போகும்போது கீழே பளபளவென்று தெரிகிறதெல்லாம் தண்ணீர் என்று நினைத்து இறங்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இதே ஊரில் பிறந்தவர் நீங்கள். மின்னுகிற தகரத்தையெல்லாம் மறைக்கச் சொல்லி ஊர்த் தலைவர் மகாயே ஆள் அனுப்பினார். கடையின் கூரைக்குக்கூடச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயிண்டுக்கு நான் எங்கே போவேன்? சாணி இருந்தது, கரி இருந்தது. நானும் சிசாகேலேயும் ஏறிப் பூசினோம்.

கூரை மேட்டில் இருக்கிறது. மேட்டைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடுதான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி,
மாசோண்டி


உம்லாசி
2 நவம்பர் 1998

மாசோண்டிக்கு,

உன் கடிதத்தை எங்கள் ஜெபக்குழுத் தலைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "கல்யாணம் ஆகாத பாம்பாடி அது?" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

பெயரைச் சொல்லக்கூட எல்லோருக்கும் பயம், இல்லையா? இன்கன்யாம்பா. பார், எழுதிவிட்டேன். என் பேனாவை அது கடிக்கவில்லை.

இங்கேயும்தான் வானம் கெட்டுக் கிடக்கிறது. கோடை பிறக்கிற நவம்பரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம். அதற்காக யாரும் வீட்டின்மேல் சாணி பூசவில்லை. காற்று வந்தால் காற்று. அதற்குக் கண் ஏது, துணை ஏது?

கடைசியாகச் சொல்கிறேன். அது என் அப்பாவின் வீடு. தம்பி போன பிறகு அதில் வாய் திறக்க உரிமை உள்ளவள் நான் ஒருத்திதான். நீ அங்கே இருப்பது தம்பியின் மனைவி என்பதால், நான் இருக்க விட்டிருப்பதால். கூரையைக் கழுவ உனக்குக் கை வராது என்றால் சொல், சித்தப்பா மகன் குடும்பத்தோடு வீடில்லாமல் மாரிட்ஸ்பர்கில் அல்லாடுகிறான். அவன் மனைவிக்குக் கழுவத் தெரியும்.

கோம்பிசிலே


எட்ஷேனி
12 நவம்பர் 1998

கோம்பிசிலே அக்காவுக்கு,

கழுவிவிட்டேன். மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, டயர்களைக் கீழே உருட்டிவிட்டு, நீங்கள் வாங்கி அனுப்பிய அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிட்டேன். மத்தியானத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, கண் கூசுகிறது. சந்தோஷமா?

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு அடுப்பில் போட்டேன். வீட்டில் வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கூரைமேல் இருக்கும்போது மாசித்தோலே வேலிக்கு வந்து நின்றாள். "ஏய், புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எறங்குடி!" என்றாள். "வீட்டுக்காரி சொல்லிட்டாங்க" என்றேன். "வீட்டுக்காரி டர்பன்ல இருக்கா. உங்கூரைக்குக் கீழ்ப்பக்கம் நான்ல இருக்கேன்?" என்றாள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்திலிருந்து தன் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள். இருபது வருடமாக என்னோடு ஒரே வரிசையில் நின்றவள்.

மாசோண்டி


எட்ஷேனி
21 நவம்பர் 1998

அக்கா,

வந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம். மலைப்பக்கம் வானம் பச்சையாகிவிட்டது. பச்சை என்றால் பாசிப் பச்சை. பறவைச் சத்தம் நின்றது. பளபளப்பு அதற்குத் தெரியாதபடி நான் முகக்கண்ணாடியின்மேல் துணியைப் போட்டு மூடி, சிசாகேலேயை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வெளியே ஒரு பெரிய லாரி கியர் மாற்றாமல் மேட்டில் ஏறுவது போலச் சத்தம். தகரம் துடித்தது. ஒவ்வொரு ஆணியும் அழுதது. பிறகு சத்தம் இறங்கிப் போய்விட்டது.

வெளியே வந்து பார்த்தேன். நம் வீட்டில் ஓர் ஓரம்கூட மடங்கவில்லை. மாசித்தோலேயின் வீடு இல்லை. அவளுடைய மூன்று குடிசையும் இல்லை, மாட்டுப்பட்டி இல்லை, வாசலில் நின்ற மரம் வேரோடு படுத்துக் கிடந்தது. அவள் சுவருக்கு அடியில் கிடந்தாள். நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து இழுத்து எடுத்தோம். வலது கை நசுங்கிவிட்டது. பிக்கப் வண்டியில் ஏற்றும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "அது மேட்டு வீட்டுக்குத்தான் வந்துச்சு. கிட்ட வந்ததும் தண்ணியில்லன்னு தெரிஞ்சு போச்சு, அந்தக் கோவத்துல கீழ எறங்கிடுச்சு." கடையில், பஸ்ஸில், சர்ச்சில் எல்லாம் இதே பேச்சு. ஒரு முறை பூசியதை நானே கழுவினேன் என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஏன் கழுவினேன் என்பதை யாரும் பார்க்கவில்லை.

மகாயே ஐந்தாம் தேதி சனிக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார். என்னை எழுந்து நிற்க வைத்துக் கேட்கப் போகிறார்கள். என்னை வெளியே அனுப்ப வேண்டும் என்று இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.

அக்கா, நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்தச் சனிக்கிழமை வாருங்கள். வந்து உங்கள் வாயால், "நான்தான் கழுவச் சொன்னேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் இந்த வீட்டு மகள். உங்களை யாரும் துரத்த முடியாது. என்னைத் துரத்தலாம். இருபது வருடம் இந்த அடுப்பை எரித்த பிறகும் ஊர் என்னை என் அப்பாவின் குலப் பெயரைச் சொல்லி, மாசோண்டி, சோண்டி வீட்டு மகள் என்றுதான் கூப்பிடுகிறது. வெளியிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ஞாபகப்படுத்துகிறார்கள்.

மாசோண்டி


உம்லாசி
29 நவம்பர் 1998

மாசோண்டிக்கு,

உன் கடிதம் வந்தது. மாசித்தோலேக்காக ஜெபம் செய்தோம்.

வர முடியாது. கம்பெனியில் பண்டிகை ஆர்டர், லீவு கேட்டால் வேலையே போய்விடும். பதினாறாம் தேதிக்கே கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

அதோடு, நான் வந்து எதைச் சொல்ல? காற்றை நானா ஏவினேன்? கூரையைக் கழுவச் சொன்னேன், ஊரை இடிக்கச் சொல்லவில்லை. மகாயேக்கு மூளை இருந்தால் வானிலை அறிக்கை கேட்கட்டும். அந்த மலையோரம் முழுக்கச் சுழற்காற்று வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். இத்தனை பேர் கூடி ஒரு பெண்ணைக் கேள்வி கேட்கிறார்களே, வெட்கமாக இல்லையா அவர்களுக்கு? அதை அங்கே கேள். தைரியமாகக் கேள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் பெயரை இழுக்காதே. எனக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. வேலை நின்றால் எட்ஷேனியை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. செத்தாலும் அந்த மண்ணில்தான் என்னைப் புதைக்க வேண்டும். ஊர் என்னைப் பார்த்து முகம் சுளித்தால் நான் எங்கே போவேன்? உனக்காவது அப்பா வீடு இருக்கிறது, அண்ணன்கள் இருக்கிறார்கள்.

கோம்பிசிலே


இம்பெண்ட்லே, சோண்டி வீடு
8 டிசம்பர் 1998

கோம்பிசிலே அக்காவுக்கு,

விலாசத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நீங்கள் எழுதியபடி எனக்கு அப்பா வீடு இருக்கிறது. அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

கூட்டம் மகாயேயின் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் நடந்தது. ஆண்கள் நிழலில், நாங்கள் வெயிலில் பாயில். "ஏன் கழுவினே?" என்று கேட்டார் மகாயே. "கோம்பிசிலே சொன்னாங்க" என்றேன். ஆமாம், உங்கள் பெயரை இழுத்தேன். வேறு யார் பெயரைச் சொல்வது, தகரக் கடைக்காரன் பெயரையா? ஒரு கிழவர் எழுந்தார். "மாமியார் செத்துப்போனா, புருஷன் செத்துப்போனான், இப்ப பழியத் தூக்கிப் போட நாத்தனார் கெடைச்சாளா? டர்பன்ல கெடந்து அந்தப் புள்ள ஊருக்கு ஒழைச்சுக் கொட்டுது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் நல்லவர் அக்கா. டர்பனில் இருக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சரி, என் கூரையப் பாத்து வந்துச்சுன்னே வச்சுக்குவோம். அப்புறம் ஏன் என் வீட்டைத் தொடல?" என்று கத்தினேன். பின்னாலிருந்து ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "உன்னைத் தெரியும்போல அதுக்கு."

அவ்வளவுதான். வீடு விழுந்திருந்தால் பழி. விழாததால் அதைவிடப் பெரிய பழி. அதை வளர்க்கிறவள் ஆகிவிட்டேன். பாயில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள்.

போ என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். "கொஞ்ச நாள் அப்பா வீட்ல இளைப்பாறிட்டு வாம்மா" என்றார் மகாயே. ஊர் இளைஞர்கள் கூரையேறித் தகரத்தைப் பிரித்தார்கள். நாங்கள் கட்டிலையும் சட்டியையும் கட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் வெயில் விழுந்தது. அன்று ராத்திரி மழை வேறு. உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பதினாறாம் தேதி என் புருஷனுக்குக் கல் திறப்பீர்கள். மனைவி இல்லாமல் திறப்பீர்கள். நான் ஒரு வருடம் கறுப்பு உடுத்தியது அவனுக்காக. அந்தக் கல்லில் அவன் பெயரைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

சிசாகேலே உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குழந்தை வாயில் அப்படிப்பட்ட வார்த்தை வரக் கூடாது.

மாசோண்டி


எட்ஷேனி
18 டிசம்பர் 1998

மாசோண்டிக்கு,

நம் வீட்டுக்குள்ளிருந்து எழுதுகிறேன். நான்கு சுவரும் மேலே வானமும். தகரங்களைப் புல்லில் கவிழ்த்துப் போட்டு மேலே பாறாங்கல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் வந்த பெண்கள் இறங்கி, கூரையில்லாத வீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் மகாயே வீட்டில் தங்கிச் சாப்பிட்டோம். கல்லைத் திறந்தோம். கல்லை மூடிய போர்வையை எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று போதகர் கேட்டார். அது நீ எடுக்க வேண்டியது. நானே எடுத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்லிவிட்டேன். பீர்ப் பானை சுற்றி வந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று, "அவ கழுவல, நான் கழுவ வச்சேன். இல்லாட்டி வீட்டைவிட்டு அனுப்பிடுவேன்னு எழுதினேன்" என்றேன். என்ன நடந்தது தெரியுமா? மகாயே சிரித்து என் தோளைத் தட்டினார். "தம்பி பொண்டாட்டிய எவ்ளோ தாங்குறா பாரு! உன்ன மாதிரி நாத்தனார் எந்தக் குடும்பத்துக்குக் கெடைக்கும்?" என்றார். கட்டுப் போட்ட கையோடு மாசித்தோலே உட்கார்ந்திருந்தாள். அவள்கூட, "விடு கோம்பி, நீ மனசு கெட்டவ இல்ல" என்கிறாள். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். குடித்துவிட்டேன் என்று நினைத்துப் பாயில் உட்கார வைத்தார்கள். நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை!

எனக்கு வருகிற ஆத்திரத்தில் இந்த ஊரையே தலைகீழாகப் புரட்டலாம் போலிருக்கிறது. உண்மையைச் சொன்னாலும் புண்ணியவதி என்கிறார்கள். இப்படி ஒரு பாராட்டு யாருக்கு வேண்டும்?

சரி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். என் பங்கு முடிந்தது. நீ கிளம்பி வா. கூரையைத் திரும்பப் போடுகிறேன், நீ கேட்கிற நிறத்தில் பெயிண்ட் அடித்துக்கொள். சிசாகேலேக்குப் பள்ளிக்கூடம் தவறக் கூடாது. கம்பெனிக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ வரும்வரை இங்கேதான் இருப்பேன். வா.

கோம்பிசிலே


இம்பெண்ட்லே
24 டிசம்பர் 1998

கோம்பிசிலே அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை என் அண்ணன்கள் முன்னால் சத்தமாகப் படித்தேன். "கிளம்பி வா" என்ற இடத்தில் பெரிய அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

நீங்கள் எப்போது சொன்னீர்கள் அக்கா? என்னைத் துரத்திய பிறகு. எங்கே சொன்னீர்கள்? சோறு தின்று முடித்த இடத்தில், பீர்ப் பானைக்கு முன்னால், எல்லோரும் உங்கள்மேல் அன்பாக இருக்கும்போது. அந்தச் சனிக்கிழமை, வெயிலில், எனக்குப் பக்கத்தில் அந்தப் பாயில் நின்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்களா? அவர்கள் சிரித்தது உங்களுக்கு வலிக்கிறது. வலிக்கட்டும். எனக்கு அவர்கள் சிரிக்கக்கூட இல்லை.

அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி நானாகத் திரும்பி வர மாட்டேன். வந்தால், போன குற்றவாளி திரும்பி வந்தாள் என்றுதான் ஊர் சொல்லும். என் மகளை அந்தக் குழாயடியில் அப்படி நிற்க வைக்க மாட்டேன்.

என்னை முதலில் பெண் கேட்டு வந்து எப்படிக் கூட்டிப் போனீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டு ஆட்கள் விடியும் முன்னே வந்து எங்கள் வேலிக்கு வெளியே நின்று, எங்கள் குலப் பெயர்களையெல்லாம் சொல்லிக் கூவினார்கள். என் அண்ணன்கள் காதில் விழாதது போல உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். தொண்டை கட்டும்வரை கூவிய பிறகுதான் வாசல் திறந்தது. திரும்பவும் அப்படியே வாருங்கள். ஒரு வெள்ளாடு கொண்டு வாருங்கள், என்மேல் போட்ட பழியைக் கழுவ. இந்த முறை ஆண்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நிற்க வேண்டாம். பெண் வந்து கூவுகிற வழக்கம் கிடையாது என்று மகாயே சொல்வார். மனைவி இல்லாமல் கல் திறக்கிற வழக்கமும் கிடையாது என்று அவரிடம் சொல்லுங்கள். அவரையும் கூட்டி வாருங்கள். அவர் இல்லாமல் வராதீர்கள்.

வேலிக்கு வெளியே நின்று, எங்கள் தெருவே எழுந்து வந்து பார்க்கும்படி, என்ன எழுதினீர்கள், என்ன மிரட்டினீர்கள், நான் கூப்பிட்டபோது ஏன் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். குலப் பெயர் சொல்கிற குரலிலேயே சொல்லுங்கள். அண்ணன்கள் உங்களை நிற்க வைப்பார்கள். இங்கேயும் தினமும் ஆலங்கட்டி விழுகிறது. விழுந்தாலும் நில்லுங்கள்.

நான் உள்ளே இருந்து கேட்பேன். கேட்டுவிட்டு, வருவதா வேண்டாமா என்று நான் சொல்வேன். அந்த வீட்டு விஷயத்தில் இதுவரை எல்லோரும் முடிவு செய்தீர்கள். இது என் முறை.

மாசோண்டி